முதல் பிரசவமும் பெரினியம் கிழிசலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"வலி எப்படி இருக்கும்?" என்பதற்கு அடுத்தபடியாக, முதல் குழந்தைக்குக் காத்திருப்பவர்கள் மனத்தில் ஓடுவது "கீழே கிழியுமா, தையல் போடுவார்களா?" என்ற கேள்விதான். கூச்சத்தால் பலர் மருத்துவரிடம் கேட்பதில்லை. அம்மாவிடம் கேட்டால் "எல்லாருக்கும் உள்ளதுதான், போ" என்று முடித்துவிடுவார். சிங்கப்பூரில் பிரசவத்துக்குத் தயாராகும் பெண்களுக்காக, கேட்கத் தயங்குபவற்றையும் சேர்த்தே இங்கே எழுதியிருக்கிறோம். உங்களைப் பரிசோதித்த மருத்துவர் இதிலிருந்து வேறாக ஏதாவது சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள். ஏன் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரியாக எங்கே கிழிகிறது?

யோனி வாய்க்கும் ஆசனவாய்க்கும் நடுவில் உள்ள மூன்று, நான்கு சென்டிமீட்டர் இடம்தான் பெரினியம். மேலே தோல், அதன் அடியில் தசைகள், பின்பக்கம் ஆசனவாயைச் சுற்றி மலத்தையும் வாயுவையும் அடக்கி வைக்கும் சுருக்குத் தசை. குழந்தையின் தலை வெளிவரும்போது இந்த இடம் முழுவதும் மெலிந்து விரிகிறது. அது விரிய எடுக்கும் நேரத்தைவிட வேகமாகத் தலை வந்தால் கிழிகிறது.

மருத்துவர்கள் கிழிசலை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறார்கள். தோலோ யோனியின் உட்சவ்வோ மட்டும் கிழிந்தால் முதல் நிலை. பல சமயம் தையலே தேவைப்படாது. தசை வரை போனால் இரண்டாம் நிலை. பொதுவாகத் தையல் போடுவார்கள், சில வாரங்களில் ஆறிவிடும். சுருக்குத் தசையும் கிழிந்தால் மூன்றாம் நிலை. மலக்குடலின் உட்சவ்வு வரை போய்விட்டால் நான்காம் நிலை. மூன்றாம் நிலைக்குள்ளும் பிரிவு உண்டு: வெளிச் சுருக்குத் தசையின் பருமனில் பாதிக்குக் குறைவாகக் கிழிந்திருந்தால் 3ஏ, பாதிக்கு மேல் என்றால் 3பி, உள்ளே இருக்கும் இரண்டாவது சுருக்குத் தசையும் கிழிந்தால் 3சி.

கிழியாமலே பெற முடியுமா?

சிலருக்கு முடியும். ஆனால் பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரி தரும் கணக்குப்படி, முதல்முறை சுகப்பிரசவம் ஆகும் பெண்களில் 10 பேரில் 9 பேர் வரை ஏதோ ஒரு அளவு கிழிசலோ சிராய்ப்போ வெட்டோ ஏற்படுகிறது. மூன்றாம், நான்காம் நிலை வரை போவது முதல் பிரசவத்தில் 100க்கு 6 பேருக்கு. ஏற்கெனவே ஒருமுறை சுகப்பிரசவம் ஆனவர்களில் 100க்கு 2 பேருக்கு.

ஆகவே தோலில் ஒரு கீறல்கூட விழக்கூடாது என்று இலக்கு வைப்பதில் பொருளில்லை. சுருக்குத் தசை தப்ப வேண்டும். இந்தப் பக்கத்தில் உள்ள யோசனைகளை அந்தக் கண்ணோடு படியுங்கள்.

யாருக்குப் பெரிய கிழிசல் வர வாய்ப்பு அதிகம்?

முதல் பிரசவம் என்பதே முதல் காரணம். குழந்தை 4 கிலோவுக்கு மேல் இருப்பது, குழந்தை முகத்தை மேல்நோக்கி வைத்தபடி வருவது, தலை வந்த பிறகு தோள் மாட்டிக்கொள்வது, முக்கும் கட்டம் மணிக்கணக்கில் நீள்வது, ஆயுதம் போட்டு எடுப்பது ஆகியவை மற்றவை. ஆயுதத்திலும் வேறுபாடு உண்டு: தலையை உறிஞ்சிப் பிடிக்கும் வேக்யூம் போட்டால் 100க்கு 1 முதல் 4 பேருக்கும், இடுக்கி போன்ற ஃபோர்செப்ஸ் போட்டால் 8 முதல் 12 பேருக்கும் சுருக்குத் தசை கிழிவதாக அதே கல்லூரி சொல்கிறது.

மேற்கத்திய நாடுகளின் புள்ளிவிவரங்களில் தெற்காசியப் பெண்களுக்கு ஆபத்து கூடுதலாகவே பதிவாகியிருக்கிறது. "நம்ம ஊர்ப் பெண்களுக்கு உடம்பு அப்படி" என்று இதை விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மருத்துவரிடம் முன்கூட்டியே பேச இது ஒரு நல்ல காரணம், அவ்வளவுதான்.

பெரினியம் மசாஜ் உண்மையில் பலன் தருமா?

தரும், ஆனால் அளவோடு. சுமார் 2,500 பெண்கள் பங்கேற்ற நான்கு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொல்வது இது: 35ஆவது வாரம் வாக்கில் தொடங்கி மசாஜ் செய்தவர்களில் தையல் தேவைப்படும் காயம் 9 விழுக்காடும், குழந்தை வர வழிவிட மருத்துவர் பெரினியத்தைக் கத்தரித்து விடுவது 16 விழுக்காடும் குறைந்தன. சுமார் 15 பேர் செய்தால் ஒருவருக்குத் தையல் தப்புகிறது. இந்தப் பலன் பெரும்பாலும் முதல் பிரசவக்காரர்களிடம்தான் தெரிந்தது. மூன்றாம், நான்காம் நிலைக் கிழிசல் இதனால் குறைந்ததாகக் காட்ட முடியவில்லை.

இன்னொன்று பலருக்கு வியப்பாக இருக்கும். வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை செய்தவர்களுக்கே நல்ல பலன் கிடைத்தது. தினமும் செய்வதால் கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை. மறந்துபோன நாளுக்காகக் கவலைப்பட வேண்டாம்.

எண்ணிக்கையில் வராத ஒரு பயனும் உண்டு. தலை வெளிவரும் நேரத்தில் கீழே நெருப்பு வைத்தது போல எரியும். அந்த இழுவையை முன்பே சிறிய அளவில் அனுபவித்தவர் உடம்பை இறுக்காமல் தளர விடப் பழகியிருப்பார்.

எப்படிச் செய்வது?

34, 35ஆவது வாரத்துக்குப் பிறகு தொடங்குங்கள். வெந்நீரில் குளித்த பின் செய்தால் தசை தளர்ந்திருக்கும். சிறுநீர் கழித்துவிட்டு வாருங்கள். நகத்தை ஒட்ட வெட்டி, கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வளைகாப்பு முடிந்து கை நிறையக் கண்ணாடி வளையல் இருந்தால் முழங்கைப் பக்கம் ஏற்றிவிடுங்கள், மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள்.

முதுகுக்குத் தலையணை வைத்து, முழங்காலை மடக்கி அகற்றிச் சாய்ந்து உட்காருவது ஒரு வழி. வயிறு இடித்துக் கை எட்டவில்லை என்றால் குளியலறையில் நின்றபடி ஒரு காலைக் கழிவறை மூடியின்மேல் வைத்துக்கொள்ளலாம். தரை ஈரமாக இருக்கக்கூடாது. முதல் ஓரிரு முறை ஒரு கைக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் எது எங்கே என்று குழப்பம் இருக்காது.

கட்டைவிரலில் எண்ணெய் தடவி, யோனிக்குள் 3 முதல் 4 சென்டிமீட்டர், அதாவது முதல் கணு தாண்டும் வரை நுழையுங்கள். ஆசனவாய்ப் பக்கமாகக் கீழ்நோக்கி அழுத்துங்கள். இலேசாக இழுப்பதும் எரிவதும் தெரியும் இடத்தில் நிறுத்தி, ஒன்றிரண்டு நிமிடம் அப்படியே பிடித்திருங்கள். மூச்சை மெதுவாக வெளியே விடுங்கள். அந்த எரிச்சல் மரத்துப்போவது போலத் தணியும். பிறகு விரலைக் கீழே நடுவிலிருந்து இரு பக்கமும், கடிகாரத்தில் 3 மணிக்கும் 9 மணிக்கும் இடையே கீழ்ப்பாதியில், மெதுவாக இரண்டு மூன்று நிமிடம் நகர்த்துங்கள். மொத்தம் ஐந்து நிமிடம் போதும். பத்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம்.

மேல்பக்கம் அழுத்தவே கூடாது. அங்கே சிறுநீர்ப்பாதை இருக்கிறது. உரசினால் எரிச்சலும் தொற்றும் வரும். பலர் செய்யும் இன்னொரு தவறு, வேகமாகத் தேய்ப்பது. இதில் தேய்ப்பதற்கு வேலையே இல்லை. அழுத்திப் பிடித்து விரிப்பதுதான் பலன் தரும். வலித்தால் அழுத்தம் அதிகம் என்று அர்த்தம்.

என்ன எண்ணெய்?

சமையலறையில் உள்ள வாசனை சேர்க்காத தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், ஆலிவ் எண்ணெய், அல்லது பாதாம் எண்ணெய் போதும். கடையில் கிடைக்கும் தண்ணீர் கலந்த லூப்ரிகன்ட் ஜெல்லும் சரி. தலைக்குத் தேய்க்கும் தேங்காய் எண்ணெயில் வாசனைப் பொருள் சேர்த்திருப்பார்கள், அது வேண்டாம். பேபி ஆயில், வாஸலின் வேண்டாம். மூலிகைத் தைலம், கற்பூரம் சேர்ந்த எதுவும் வேண்டவே வேண்டாம். முதுகுவலிக்குக் கோடாலித் தைலம் தேய்த்த கையோடு இதைத் தொட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. தேய்த்தவர் கணவராக இருந்தாலும் கையை இரண்டு முறை சோப்பால் கழுவிய பிறகே.

கணவர் செய்யலாமா?

உங்களுக்குச் சம்மதம் என்றால் செய்யலாம். அவர் கட்டைவிரலுக்குப் பதில் சுட்டுவிரலைப் பயன்படுத்த வேண்டும். முதலில் ஒரு விரல், பழகிய பிறகு இரண்டு. எவ்வளவு அழுத்துவது என்பதை நீங்கள் சொல்ல வேண்டும், அவர் ஊகிக்கக் கூடாது. கூச்சமாக இருந்தால் விட்டுவிடுங்கள். உடம்பு இறுகினால் செய்வதில் பயனில்லை.

யார் மசாஜ் செய்யக்கூடாது?

நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருப்பதாக ஸ்கேனில் சொல்லப்பட்டவர்கள், இரத்தப்போக்கு உள்ளவர்கள், பனிக்குடம் உடைந்தவர்கள், குறைமாதப் பிரசவ ஆபத்து அல்லது கருப்பை வாயின் நீளம் குறைந்துவிட்டது என்று எச்சரிக்கப்பட்டவர்கள், ஹெர்பிஸ் புண் அல்லது வெள்ளைப்படுதலோடு அரிப்புத் தரும் பூஞ்சைத் தொற்று உள்ளவர்கள் செய்யக்கூடாது. பூஞ்சைத் தொற்று கர்ப்பத்தில் சகஜம். மருந்து வைத்து முழுதும் குணமான பின் தொடங்கலாம். மருத்துவர் தாம்பத்திய உறவு வேண்டாம் என்று சொல்லியிருந்தால், இதற்கும் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கீகல் பயிற்சி செய்தால் கிழியாதா?

கீகல் பயிற்சி சிறுநீர்க் கசிவைத் தடுக்க நன்றாக உதவுகிறது. கிழிசலைத் தடுப்பதற்கு அந்த அளவு சான்று இல்லை. ஆனாலும் செய்யுங்கள். சிறுநீரையும் வாயுவையும் ஒரே சமயத்தில் அடக்குவது போலத் தசையை உள்ளிழுத்து 8 விநாடி பிடித்து விடுங்கள். 8 முறை, நாளுக்கு 3 வேளை. சிறுநீர் கழிக்கும் நடுவில் நிறுத்திப் பயிற்சி செய்வது கூடாது. பிடிப்பதைவிட விடுவதில் கவனம் வையுங்கள். பிரசவத்தன்று உங்களுக்கு வேண்டிய திறமை, அந்தத் தசையை முழுதாகத் தளர விடுவதுதான்.

கடைசி மாதம் நெய் நிறையச் சாப்பிட்டால் குழந்தை வழுக்கிக்கொண்டு வரும் என்கிறார்களே?

நெய் வயிற்றுக்குப் போகிறது; பிரசவப் பாதைக்குப் போவதில்லை. அது உங்கள் எடையையும், சில சமயம் குழந்தையின் எடையையும் ஏற்றும். அது நாம் விரும்புவதற்கு நேர் எதிர்.

விளக்கெண்ணெய் குடித்து வலியை வரவழைப்பது இன்னும் மோசம். பேதியாகி நீர்ச்சத்து குறைந்து, தூக்கம் கெட்டு, முக்க வேண்டிய நேரத்தில் தெம்பில்லாமல் கிடப்பீர்கள். குந்தி உட்கார்ந்து வீடு துடைப்பதைப் பற்றியும் கேட்கிறார்கள். மூட்டு வலி இல்லாவிட்டால் இடுப்புக்கு நல்ல அசைவு, செய்யுங்கள். பெரினியம் அதனால் நெகிழும் என்று எதிர்பார்க்க வேண்டாம். உள்ளே வைத்து ஊதிப் பெரிதாக்கும் பலூன் கருவிகள் இணையத்தில் விற்கிறார்கள். ஆய்வுகளில் பலன் தெரியவில்லை, பணத்தை மிச்சப்படுத்துங்கள்.

சர்க்கரைப் பரிசோதனைக்கும் கிழிசலுக்கும் என்ன தொடர்பு?

நெருங்கிய தொடர்பு. சிங்கப்பூரில் கர்ப்பிணிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை வருகிறது. கட்டுப்படுத்தாவிட்டால் குழந்தை பெருக்கிறது, அதிலும் தோளும் வயிறும் தலையை மிஞ்சிப் பெருக்கின்றன. தலை வந்த பிறகு தோள் மாட்டிக்கொண்டால் அவசரமாக எடுக்க வேண்டிவரும். பெரிய கிழிசல்கள் அங்கேதான் நடக்கின்றன. 24 முதல் 28 வாரத்துக்குள், வெறும் வயிற்றில் 75 கிராம் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். சர்க்கரை இருந்தால் சோற்றின் அளவைக் குறைத்து, சாப்பிட்ட பின் 15 நிமிடம் புளோக்கின் கீழே நடந்தாலே எண்கள் இறங்குவதைப் பலர் பார்க்கிறார்கள். மசாஜில் காட்டும் அக்கறையை முதலில் இங்கே காட்டலாம் என்பது எங்கள் கருத்து.

பிரசவ அறையில் எது அதிகப் பலன் தரும்?

வெந்நீர் ஒத்தடம். முக்கும் கட்டத்தில், தலை தெரியத் தொடங்கியதும், தாதி ஒரு சுத்தமான துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து பெரினியத்தின்மேல் வைத்துப் பிடிப்பார். ஆறியதும் மாற்றுவார். வலி வரும்போதெல்லாம் இப்படி. ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் மூன்றாம், நான்காம் நிலைக் கிழிசல் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருக்கிறது. வீட்டில் செய்யும் எதற்கும் இவ்வளவு பலன் காட்டப்படவில்லை. செலவு ஒரு துணியும் ஒரு கிண்ணம் வெந்நீரும்தான். ஆனாலும் எல்லா இடத்திலும் தானாகச் செய்துவிடுவார்கள் என்று இருக்க முடியாது, கேட்டு வாங்க வேண்டும். எபிடியூரல் (வலி மரத்துப்போக முதுகில் போடும் ஊசி) போட்டிருந்தால் உங்களுக்குச் சூடு சரியாகத் தெரியாது; துணியைத் தாதி தம் மணிக்கட்டில் வைத்துப் பார்த்துவிட்டு வைக்கச் சொல்லுங்கள்.

இதோடு சேர்ந்தது கை தாங்கல். ஒரு கை குழந்தையின் தலை சடாரென்று வராமல் வேகத்தைக் கட்டுப்படுத்தும். இன்னொரு கை பெரினியத்தைத் தாங்கும். உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட பிரசவ வழிகாட்டியில் ஒத்தடம், கை தாங்கல், முக்கும் கட்டத்தில் மெதுவான பெரினியம் மசாஜ் ஆகிய மூன்றையும், தாயின் விருப்பத்துக்கு ஏற்பச் செய்யலாம் என்று பரிந்துரைத்திருக்கிறது.

எப்போது முக்குவது, எப்போது நிறுத்துவது?

கருப்பை வாய் 10 சென்டிமீட்டர் திறந்த பின்தான் முக்கும் கட்டம். முதல் பிரசவத்தில் இது ஒரு மணி நேரத்திலும் முடியலாம், மூன்று மணி நேரமும் ஆகலாம். உந்துதல் வரும்போது உடம்பு சொல்கிறபடி முக்கினால் போதும். மூச்சை அடக்கிக்கொண்டு பத்து எண்ணும் வரை முக்க வேண்டிய கட்டாயம் எல்லோருக்கும் இல்லை. எபிடியூரலால் உந்துதல் தெரியாவிட்டால் தாதி வழிகாட்டுவார்.

தலையின் அகலமான பகுதி யோனி வாயில் வந்து, வலி விட்ட பிறகும் பின்வாங்காமல் நிற்கும் அந்த ஒன்றிரண்டு நிமிடம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. எரிச்சல் உச்சத்தில் இருக்கும். "எப்படியாவது முடிந்தால் போதும்" என்று முழு பலத்தோடு தள்ளத் தோன்றும். அப்போதுதான் தாதி "டோன்ட் புஷ், பான்ட், பான்ட்" என்பார். வாயைத் திறந்து, ஹ... ஹ... ஹ... என்று குறு மூச்சு விடுங்கள். கருப்பையே தலையை மெல்ல வெளியே தள்ளிவிடும். உங்கள் பலம் தேவையில்லை. பல்லைக் கடிக்காதீர்கள், தாடை இறுகினால் கீழேயும் இறுகும்.

கூட நிற்பவருக்கும் இதை முன்பே சொல்லிவையுங்கள். தாதி நிறுத்தச் சொல்லும் நேரத்தில் அம்மாவோ கணவரோ பாசத்தில் "முக்கு, முக்கு" என்று கத்தினால் யார் சொல்வதைக் கேட்பது? அந்த நேரத்தில் குரல் ஒன்றுதான் இருக்க வேண்டும், அது தாதியின் குரல்.

எப்படிப் படுத்தால் நல்லது?

பக்கவாட்டில் படுப்பதும், கையும் முழங்காலும் ஊன்றியிருப்பதும் தலை நிதானமாக இறங்க உதவுகின்றன. தாதியால் பெரினியத்தைப் பார்க்கவும் முடிகிறது. குந்தி உட்கார்ந்தோ பிரசவ முக்காலியில் உட்கார்ந்தோ பெறுவதில் கத்தரிப்பது குறையலாம், ஆனால் இரண்டாம் நிலைக் கிழிசல் சற்று அதிகமாகிறது. முக்கும் கட்டத்தின் தொடக்கத்தில் நிமிர்ந்திருந்து, தலை தெரியும்போது பக்கவாட்டுக்கு மாறுவது நல்ல சமரசம்.

எபிடியூரல் போட்ட முதல் பிரசவக்காரர்கள் 3,000க்கும் மேற்பட்டோரிடம் பிரிட்டனில் செய்த ஆய்வு 2017இல் வெளியானது. நிமிர்ந்திருந்தவர்களில் 35 விழுக்காட்டினரும், பக்கவாட்டில் படுத்திருந்தவர்களில் 41 விழுக்காட்டினரும் ஆயுதமில்லாமல் பெற்றார்கள். ஆயுதம் தப்பினால் சுருக்குத் தசைக்கும் ஆபத்து குறைகிறது. "எபிடியூரல் போட்டால் கிழியும்" என்ற பேச்சுக்கு ஆதாரம் இல்லை; வலி தாங்க முடியாவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

கிழிவதற்கு முன்பே கத்தரித்துவிட்டால் நல்லதில்லையா?

ஒரு தலைமுறைக்கு முன் முதல் பிரசவம் என்றாலே கத்தரித்தார்கள். உங்கள் அம்மாவுக்கும் அப்படி நடந்திருக்கலாம். "நேராக வெட்டினால் நன்றாக ஆறும்" என்று அன்று சொன்ன காரணம் ஆய்வுகளில் நிற்கவில்லை. எல்லோருக்கும் கத்தரிப்பதைவிடத் தேவைப்படுபவர்களுக்கு மட்டும் கத்தரிக்கும்போது பெரிய காயங்கள் சுமார் 30 விழுக்காடு குறைவு. வழக்கமாகக் கத்தரிக்க வேண்டாம் என்றே உலகச் சுகாதார நிறுவனமும் சொல்கிறது.

தேவை வரும் இடங்கள் உண்டு. குழந்தையின் இதயத் துடிப்பு இறங்கி உடனே எடுக்க வேண்டிய நிலை, ஃபோர்செப்ஸ் போடும் நிலை, தோல் வெளுத்து இறுகி ஆசனவாய்ப் பக்கம் கிழியப்போவது கண்ணுக்குத் தெரியும் நிலை. அப்போது சரியான கோணத்தில் கத்தரிப்பது சுருக்குத் தசையைக் காப்பாற்றும். நடுக்கோட்டிலிருந்து 60 பாகை விலக்கி, பெரினியம் நன்றாக விரிந்திருக்கும்போது, மரத்துப்போக ஊசி போட்ட பின் வெட்டுவார்கள். நேர் கீழே வெட்டினால் அந்த வெட்டே ஆசனவாய் வரை நீண்டுவிடலாம். ஆகவே "கத்தரிக்கவே கூடாது" என்று எழுதிக் கொடுப்பதைவிட, "தேவைப்பட்டால் மட்டும், என்னிடம் சொல்லிவிட்டு" என்று கேட்பது புத்திசாலித்தனம்.

மருத்துவரிடம் எதைக் கேட்க வேண்டும், எப்போது?

36ஆவது வார வருகையில் கேளுங்கள். வலி வந்த பிறகு பேச நேரமிருக்காது. வெந்நீர் ஒத்தடம் தருவீர்களா? பக்கவாட்டில் படுத்துப் பெறலாமா? எந்த நிலையில் கத்தரிப்பீர்கள்? ஆயுதம் தேவைப்பட்டால் முதலில் எதை எடுப்பீர்கள்? நான்கு கேள்விகள், ஐந்து நிமிடம்.

தனியார் மருத்துவமனையில் நீங்கள் பார்க்கும் மருத்துவரே பெரும்பாலும் பிரசவத்துக்கும் வருவார், அவரிடம் பேசினால் போதும். கேகே, என்யுஎச், எஸ்ஜிஎச் போன்ற அரசாங்க மருத்துவமனைகளில் மானியப் பிரிவில் இருப்பவர்களுக்கு அன்று பணியில் இருக்கும் குழுவே பிரசவம் பார்க்கும். அதனால் உங்கள் விருப்பத்தை ஒரு அரைப் பக்கத்தில் எளிய ஆங்கிலத்தில் எழுதி, மருத்துவமனைப் பையின் மேலறையில் வைத்து, உள்ளே போனதும் தாதியிடம் கொடுத்துவிடுங்கள். நீளமாக எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள்.

குழந்தை பிறந்த உடனே என்ன நடக்க வேண்டும்?

நஞ்சு வந்த பிறகு நல்ல வெளிச்சத்தில் காயத்தைப் பார்ப்பார்கள். ஆசனவாயில் ஒரு விரலை விட்டும் பரிசோதிக்க வேண்டும். அசௌகரியமாக இருந்தாலும் மறுக்காதீர்கள். வெளியே சிறியதாகத் தெரிந்து உள்ளே சுருக்குத் தசை கிழிந்திருப்பதைக் கண்டுபிடிக்க இதுவே வழி. தவறவிட்டால் மாதங்கள் கழித்து வாயு அடங்காமல் போகும்போதுதான் தெரியவரும்.

இரண்டாம் நிலை வரை பிரசவ அறையிலேயே ஊசி போட்டுத் தைப்பார்கள். மூன்றாம், நான்காம் நிலை என்றால் பெரும்பாலும் அறுவை அறைக்குக் கொண்டுபோய், இடுப்புக்குக் கீழ் மரத்துப்போக வைத்து, அனுபவமுள்ள மருத்துவர் அடுக்கடுக்காகத் தைப்பார். ஆன்டிபயாட்டிக்கும் மலம் இளக்கும் மருந்தும் தருவார்கள். தையல் நூல் தானே கரையும், பிரிக்கத் தேவையில்லை. "எந்த நிலை?" என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த பிரசவத்தில் முதலில் கேட்கப்படுவது அதுதான்.

பத்தியத்தில் தையலை எப்படிப் பார்த்துக்கொள்வது?

தையலுக்கு முதல் எதிரி மலச்சிக்கல். பூண்டுக் குழம்பும் சோறும் கருவாடும் மட்டும், காய் கிடையாது, "உடம்பு ஊதிவிடும்" என்று தண்ணீரும் கிடையாது என்ற பத்தியம் மூன்றாவது நாளே மலத்தைக் கட்டிவிடும். பூண்டையும் மிளகையும் யாரும் தடுக்கவில்லை. கூடவே முருங்கைக்கீரை, அவரைக்காய், பழுத்த பப்பாளி சேருங்கள். தண்ணீர் நாளுக்கு இரண்டு லிட்டருக்குக் குறைய வேண்டாம், தாய்ப்பாலுக்கும் அது வேண்டும். வெதுவெதுப்பாகக் குடித்தால் பாட்டிக்கும் மறுப்பிருக்காது. மலம் இளக்கும் மருந்தான லாக்டுலோஸ் கொடுத்திருந்தால் மலம் இறுகும்வரை காத்திராமல் முதல் நாளிலிருந்தே குடியுங்கள்.

கழிவறையில் காலுக்குக் கீழே சின்ன முக்காலி போட்டு முழங்கால் இடுப்பைவிட உயர்ந்திருக்கும்படி உட்காருங்கள். சுத்தமான பேடு ஒன்றைத் தையலின்மேல் வைத்துத் தாங்கிப் பிடித்தால் பிரிந்துவிடுமோ என்ற பயம் குறையும். சிறுநீர் கழிக்கும்போது எரிந்தால் ஒரு பாட்டிலில் வெதுவெதுப்பான நீர் எடுத்து ஊற்றிக்கொண்டே போங்கள். முன்னிருந்து பின்னாகக் கழுவி, ஒற்றித் துடையுங்கள். பேடை மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் இது முக்கியம்.

முதல் இரண்டு நாள் வீக்கத்துக்கு ஐஸ் பேக்கைத் துணியில் சுற்றி 10 நிமிடம் வைக்கலாம். "பச்சை உடம்புக்குக் குளிர்ச்சி ஆகாது" என்பார்கள். வெளியே வைக்கும் ஐஸால் ஜன்னி வராது. மாறாக, சாம்பிராணிப் புகையைக் கீழே காட்டுவதும், கொதிக்கக் கொதிக்க வேது நீரைத் தையல்மேல் ஓங்கி ஊற்றுவதும் உண்மையிலேயே ஆபத்து. தோல் வெந்து தையல் பிரியும். மஞ்சளும் விபூதியும் பவுடரும் காயத்தில் வேண்டாம். மூலிகை வெந்நீரில் உடம்பு குளிக்கலாம், கீழே வெறும் நீர். மசாஜ் செய்ய வரும் அம்மாவிடம் தையல் இருப்பதை முதலிலேயே சொல்லுங்கள். பெங்குங் (வயிற்றைச் சுற்றிக் கட்டும் துணி) கட்டும்போது மூச்சு முட்ட இறுக்கினால் அழுத்தம் முழுவதும் கீழே இறங்கும். இரண்டு விரல் நுழையும் தளர்வு இருக்கட்டும்.

எப்போது உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

38 பாகைக்கு மேல் காய்ச்சல், காயத்திலிருந்து சீழ் அல்லது கெட்ட வாடை, நாளாக ஆக வலி குறையாமல் கூடுவது, தையல் பிளந்து தெரிவது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமல் இருப்பது, மணிக்கு ஒரு பேடு நனையும் இரத்தப்போக்கு. யோனி வழியாக வாயுவோ மலமோ வருவதாகத் தோன்றினால் அன்றே போங்கள். பிரசவம் பார்த்த மருத்துவமனைக்கே போவது நல்லது. கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனையில் மகளிர் அவசரப் பிரிவு 24 மணி நேரமும் இயங்குகிறது. நாற்பது நாள் தீட்டு முடியட்டும் என்று காத்திருக்க வேண்டிய விஷயங்கள் இல்லை இவை.

வாயு அடங்காமல் போவதும், அவசரமாகக் கழிவறைக்கு ஓடுவதும் இருந்தால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். மகளிர் பிசியோதெரபிக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். வெளிச் சுருக்குத் தசை கிழிந்து சரியாகத் தைக்கப்பட்ட பெண்களில் 60 முதல் 80 விழுக்காட்டினருக்கு ஓராண்டுக்குள் தொல்லை எதுவும் இருப்பதில்லை.

ஒருமுறை பெரிதாகக் கிழிந்தால் அடுத்தது சிசேரியன்தானா?

கட்டாயமில்லை. அடுத்த சுகப்பிரசவத்தில் மறுபடியும் அதே அளவு கிழிவது 100க்கு 5 முதல் 7 பேருக்குத்தான். தொல்லை ஏதும் மீதியில்லாதவர்கள் சுகப்பிரசவத்துக்கு முயலலாம். மலமோ வாயுவோ இன்னும் அடங்காதவர்களுக்கும், ஸ்கேனில் சுருக்குத் தசையில் குறை தெரிபவர்களுக்கும் சிசேரியனைப் பற்றி மருத்துவரே பேச்செடுப்பார். பதிவு செய்யப் போகும் முதல் வருகையிலேயே பழைய டிஸ்சார்ஜ் தாளைக் கொண்டுபோங்கள். அதில் 3ஏ என்றிருக்கிறதா, 3சி என்றிருக்கிறதா என்பதைப் பொறுத்துப் பேச்சே மாறும்.